ஹர்ஷல் படேலை விட்ட டெல்லி முட்டாளா?

எங்க விவேக் நகர் தமிழ் வீடுகளில் ஐபிஎல் வந்தால் இரண்டு கட்சி. அப்பா சென்னை, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை ஆர்சிபி. இரண்டு பேரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம், "ஹர்ஷல் படேலைச் சும்மா தூக்கிக் கொடுத்த டெல்லிக்காரன் முட்டாள்" என்பதுதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

முதலில் கதைச் சுருக்கம். 2021 ஜனவரியில் ஹர்ஷலையும் டேனியல் சாம்ஸையும் டெல்லி பெங்களூருக்குக் கொடுத்தது. பதிலுக்கு ஆள் கிடையாது, பணம் மட்டும். 2018 ஏலத்தில் ஹர்ஷலுக்கு டெல்லி கொடுத்த விலை 20 லட்சம். அந்த 2021 சீசனில் அவர் எடுத்தது 32 விக்கெட்! 2013ல் சென்னைக்காக பிராவோ எடுத்த அதே எண்ணிக்கை.

இதை மட்டும் பார்த்தால் டெல்லி ஏமாந்த மாதிரிதான் தெரியும். ஆனால் டெல்லியில் கடைசி ஓவர் போட ரபாடாவும் நோர்க்யாவும் இருந்தார்கள். அடுத்து வரிசையில் அவேஷ் கான். அதே 2021ல் அவேஷ் எடுத்தது 24 விக்கெட், பட்டியலில் ஹர்ஷலுக்கு அடுத்த இடம். லீக் சுற்றில் முதலிடமும் டெல்லிக்குத்தான். எங்கே ஐயா நஷ்டம்?

பெங்களூரு நிலைமை வேறு. மோரிஸ், உமேஷ், ஸ்டெயின், உதானா என்று எல்லாரையும் விடுவித்தாகிவிட்டது. கடைசி ஓவர்களுக்கு ஆள் வேண்டும். வேகத்தைக் குறைத்துப் போட்டு ஏமாற்றுகிற ஹர்ஷலிடம் 'உன் வேலை இதுதான்' என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் 9ந் தேதி சேப்பாக்கத்தில் மும்பைக்கு எதிராக 27 ரன்னுக்கு 5 விக்கெட். கடைசி ஓவரில் கொடுத்தது ஒரே ஒரு ரன்!

அமெரிக்காவில் இருக்கிற நண்பர்களுக்கு இது புதிதாக இருக்காது. பேஸ்பாலில் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்துக்கென்றே வருகிற ரிலீஃப் பிட்சர்கள் உண்டு. 2016ல் சிகாகோ கப்ஸ் அப்படிப்பட்ட சாப்மனுக்காக டோரஸ் உட்பட நாலு பேரை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்தது. சாப்மனின் ஒப்பந்தம் அந்த வருஷத்தோடு முடிகிறது என்று தெரிந்தே கொடுத்தார்கள். 108 வருஷம் கழித்துக் கோப்பை வந்தது. சாப்மன் திரும்ப யாங்கீஸுக்கே போய்விட்டார். இதில் யார் முட்டாள்?

தேவை மாறினால் விலையும் மாறும். 2022 ஏலத்தில் ஹர்ஷலுக்கு பெங்களூரு கொடுத்தது 10.75 கோடி. அந்த வருஷம் 19 விக்கெட், 2023ல் 14. மந்தமான ஆடுகளத்தில் மாயம் காட்டிய அந்தப் பந்து சின்னசாமி மைதானத்தில் அடி வாங்கியது. பெங்களூரும் விட்டுவிட்டது. உடனே பஞ்சாப் 11.75 கோடிக்கு எடுத்தது. 2024ல் 24 விக்கெட்டோடு மறுபடி ஊதாத் தொப்பி!

இதே ஹர்ஷல் குஜராத்தில் வாய்ப்பு இல்லாமல்தான் ஹரியானாவுக்குப் போய் ஆடினார். வீட்டார் அமெரிக்காவுக்குக் குடிபோனபோதும் கிரிக்கெட்டுக்காக இங்கேயே தங்கியவர்.

ஒரு இடத்தில் விட்டுவிட்டார்கள் என்றால் ஆள் சரியில்லை என்று அர்த்தம் இல்லை, விட்டவன் முட்டாள் என்றும் அர்த்தம் இல்லை. அங்கே அந்த வேலை காலியாக இல்லை, அவ்வளவுதான். ஊரில் வேலை இல்லாமல் பெட்டி கட்டிய நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை :-)