தீபாவளி வெடியும் ஜனதா காலனியும்

2019 ஏப்ரல் 21 அன்று ராஜஸ்தானின் பார்மரில் நடந்த தேர்தல் கூட்டத்தில் பிரதமர் மோடி ஒரு வினா எழுப்பினார்: நம்மிடம் உள்ள அணுகுண்டுகள் என்ன தீபாவளிக்காகவா வைக்கப்பட்டுள்ளன? ஹிரோஷிமாவைக் கண்ட உலகில், அணுகுண்டைப் பட்டாசோடு சேர்த்துப் பேசி வாக்குக் கேட்ட அந்தத் துணிவு அரிதுதான். எனினும் முழுப் பெருமையையும் அவருக்கே அளித்துவிடுவது நியாயமன்று. குண்டை அரசியல் வாணவேடிக்கையாக்கியதில் காங்கிரசுக்கும் பங்குண்டு. அதற்கான சான்று குண்டு பிறந்த இடத்திலேயே கிடக்கிறது.

மும்பையில் செம்பூருக்கு அப்பால், டிராம்பேயில் அமைந்திருக்கிறது பாபா அணு ஆராய்ச்சி மையம். அதன் ஊழியர் குடியிருப்பே அணுசக்தி நகர். 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்த சாதனத்துக்குப் புளூட்டோனியம் தந்தது இங்கிருந்த சைரஸ் அணு உலை. அந்நாளில் நாடு முழுவதும் சுமார் 17 லட்சம் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தனர். போனசும் எட்டு மணி நேர வேலையும் கேட்ட குற்றத்துக்காகப் பல்லாயிரவர் சிறையில் அடைக்கப்பட்டனர். ரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பாலைவனத்தில் எழுந்த புழுதி இந்த அடக்குமுறையை மறைக்க நன்கு உதவியது. மே 27 அன்று போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஈராண்டுகள் கழித்து, நெருக்கடி நிலைக் காலத்தில், அணு ஆராய்ச்சி மையத்துக்கு நிலம் தேவைப்பட்டது. அதையொட்டி இருந்தது ஜனதா காலனி. மாநகராட்சியே முன்பு அங்கே குடியமர்த்திய மக்கள். அவர்களுள் தமிழ் உழைப்பாளிகள் ஏராளம். சுமார் 70,000 பேர் வாழ்ந்த குடியிருப்பு 1976இல் காவல்படையின் துணையோடு இடிக்கப்பட்டது. சீட்டா கேம்ப்பின் சதுப்பு நிலம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. தேசத்தைக் காக்கும் திட்டத்தின் பெயரால் கூரையிழந்தவர்கள் எல்லைக்கு அப்பால் இருந்த பகைவர்கள் அல்லர். மதிலுக்கு அப்பால் இருந்த அண்டை வீட்டார்.

1998 மே 11, 13 தேதிகளில் வாஜ்பாய் அரசு ஐந்து குண்டுகளை வெடித்தது. அப்போது பாதுகாப்பு அமைச்சர் யார்? 1974 ரயில்வே வேலைநிறுத்தத்துக்குத் தலைமையேற்ற ஜார்ஜ் பெர்னாண்டஸ்! போராட்டத்தின் செய்தியை மூழ்கடித்த குண்டை அவரே சுமந்து நின்ற காட்சியை வரலாறு சிரிப்படக்கியே பார்த்திருக்கும். நிலைமை மாறிவிட்டதைப் பாகிஸ்தான் உணர வேண்டும் என்று உள்துறை அமைச்சர் அத்வானி எச்சரித்தார். பாகிஸ்தான் ஆட்சியாளர்கள் நன்றாகவே உணர்ந்தார்கள். மே 28 அன்று சாகாயில் தம் குண்டுகளை வெடித்தார்கள். குண்டு போரைத் தடுக்கும் என்றனர்; ஓராண்டில் கார்கில் வந்தது. 527 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். 1999 ஏப்ரலில் ஒரே வாக்கில் கவிழ்ந்த அரசு, அக்டோபரில் மீண்டும் அரியணை ஏறியது.

கணக்கு எளிது: உயிர் வீரனுடையது, வாக்கு தலைவருடையது. 2019இல் லாத்தூரில், புல்வாமா தியாகிகளுக்கும் பாலகோட் வீரர்களுக்கும் தம் முதல் வாக்கைக் காணிக்கையாக்குமாறு இளைஞர்களிடம் வேண்டியவரும் மோடியே. 2025 மே மாதத்தில் பூஞ்ச் மக்கள் பாகிஸ்தானின் பீரங்கிக் குண்டுகளுக்கு இரையாயினர். மே 10 அன்று சண்டை நின்றதை உலகுக்கு முதலில் அறிவித்தவர் அமெரிக்க அதிபர் டிரம்ப். பன்னிரண்டு நாள் கழித்துப் பிகானேரில் பேசிய பிரதமர், தம் நரம்புகளில் ஓடுவது குருதியன்று, சூடான சிந்தூரம் என்றார். இறுதி அறிவிப்பை வாஷிங்டனுக்கு விட்டுவிட்டு வசனத்தை மட்டும் வைத்துக்கொண்ட தலைமை இது.

பயங்கரவாதம் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் இடதுசாரிகளுக்கு ஐயமில்லை. வீரர்களின் தியாகத்தை எவரும் குறைத்து மதிப்பிடவுமில்லை. அந்தத் தியாகத்தைத் தேர்தல் முதலாக்குவதையே எதிர்க்கிறோம். 1998இல் ஊரே கொண்டாடியபோது அணு ஆயுதமயத்தை எதிர்த்து நின்றதும் இந்த நிலைப்பாட்டிலிருந்துதான்.

சீட்டா கேம்ப் இன்று அணுசக்தி நகர் சட்டமன்றத் தொகுதியில் அடங்கியிருக்கிறது. அணுசக்தியில் அம்மக்களுக்குக் கிடைத்த பங்கு அந்தப் பெயர் மட்டுமே. அடுத்த முறை போர்முரசு கொட்டும்போது, யாருடைய ஊதியம், யாருடைய வீடு, யாருடைய கோரிக்கை அந்த ஓசையில் அமுங்குகிறது என்று கேட்பது நம் ஒவ்வொரு கிளையின் கடமை.