ஏட்டுச் சுரைக்காயும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும்



"ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் இயங்கும் விதத்தைப் படத்துடன் விவரி." வினாத்தாளில் இந்தக் கேள்வியைப் பார்த்தாலே நமக்குக் குஷி. நாலு கட்டம் போட்டு, நாலு பிஸ்டன் வரைந்து, அம்புக்குறி இட்டு முழு மார்க்கையும் அள்ளிவிடுவோம். ஆனால் தெருவில் ஒரு வண்டி நின்றுபோய், "தம்பி, நீ பாலிடெக்னிக்தானே படிக்கிறே? என்னன்னு கொஞ்சம் பாருப்பா" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டால்? நம்மில் பலர் "மெக்கானிக்கைக் கூப்பிட்டுடுங்க சார்" என்று நைசாக நழுவிவிடுகிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஊர்ப் பாட்டிகள் சும்மாவா சொன்னார்கள்!

நம் ஆய்வகத்தில் இன்ஜின் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பாதியாக வெட்டி, சிவப்பும் நீலமும் அடித்து, சாமி சிலை மாதிரி மேசைமேல் வைத்திருக்கிறார்கள். பார்த்து வரையலாம், ரெக்கார்டில் எழுதலாம். ஒரு நட்டைக் கழற்ற முடியாது. கழற்றியதைத் திரும்ப மாட்டி, ஓடுகிறதா என்று பார்க்கவும் முடியாது.

ஆகவே நான் சொல்வது இதுதான். டிப்ளமோ முடிப்பதற்குள் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளையாவது கழற்றி, அளந்து, சரிசெய்து, ஓட வைக்க வேண்டும். அது நம் கல்லூரிப் பட்டறையிலேயே நடக்க வேண்டும். "இதெல்லாம் பணக்காரப் பையன்களின் பொழுதுபோக்குடா" என்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. போன கோடை விடுமுறையில், எங்கள் வீட்டுக் கொட்டகையில் வருடக்கணக்காகச் சாய்ந்து கிடந்த அப்பாவின் ஹீரோ ஹோண்டா சி.டி. 100-ஐ எழுப்பி நிறுத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எந்த வண்டி?

பழைய வண்டி என்றதும் நம் பசங்களுக்கு ஆர்.எக்ஸ். 100 ஞாபகம்தான் வரும். அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் 1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்ற வண்டி அது. மைசூரில் செய்த எஸ்டியும் 1996-இல்தான் நின்றது. இரண்டுக்கும் இன்று மோகம் அதிகம். வண்டி விலை ஏறிக்கிடக்கிறது. அசல் பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. டூப்ளிகேட் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். முதல்முறை ஸ்பேனர் பிடிக்கிறவனுக்கு இது ஆகாத வேலை.

சி.டி. 100-ம் 1985-இல் வந்ததுதான். "பெட்ரோலை ஊற்று, மூடு, மறந்துவிடு" என்று விளம்பரம் செய்தார்கள். நாமும் நிஜமாகவே மறந்துவிட்டோம்! ஆனால் அதன் 97.2 சி.சி. இன்ஜின் வம்சம் 1994-இல் வந்த ஸ்ப்ளெண்டரிலும் தொடர்ந்தது. அதனால் சின்ன ஊர்க் கடையிலும் பல சாமான்கள் கிடைக்கின்றன. எல்லாமே அப்படியே பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். பழைய சாமானைக் கையில் கொண்டு போய் ஒப்பிட்டு வாங்குங்கள். கற்றுக்கொள்கிறவனுக்கு ஊரெல்லாம் ஓடும் வண்டியே நல்ல வாத்தியார்.

வாங்குவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் அதில் உள்ளபடியே இருக்கின்றனவா? சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். காகிதம் இல்லாத வண்டி மலிவாகக் கிடைத்தாலும் ரோட்டுக்கு வராது.

முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

புதிதாக இறங்குகிறவர்கள் பெயிண்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். டேங்க் பளபளக்கும், ஸ்டிக்கர் மின்னும். பிரேக் மட்டும் பிடிக்காது! என் கருத்தில் வரிசை நேர்மாறானது. பிரேக், டயர், வீல் பேரிங், கேபிள் ஆகியவை முதலில். இன்ஜின் அடுத்தது. பெயிண்ட் கடைசி, காசு மிஞ்சினால் போதும். எனக்கு ஆன செலவில் பாதிக்கு மேல் டயர், டியூப், பிரேக் ஷூ, கேபிள்களுக்குத்தான் போயிற்று. அதில் வருத்தமில்லை.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. வெயிலில் கிடந்த ரப்பர், ஓடாமலே கெட்டிப்பட்டு வெடித்துவிடும். இன்னொன்று: பழைய பிரேக் ஷூவின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதித் தூசி தட்டாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். நுரையீரலுக்கு ஸ்பேர் கிடையாது!

மூன்று கேள்விகள்

எங்கள் தெருமுனைப் பட்டறை அண்ணன் எட்டாவதுவரை படித்தவர். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று போய் நின்றபோது அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"நெருப்பு வருதா தம்பி?"

"வருதுண்ணே. பிளக்கைக் கழற்றி பாடியில வச்சுப் பார்த்தேன். நீலமா அடிக்குது."

"கிக்கர் கனமா இருக்கா, லொட லொடன்னு போகுதா?"

"கனமாத்தான் இருக்குண்ணே."

"அப்ப பெட்ரோல் போய்ச் சேருதான்னு பாரு. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துல பிடி."

பிடித்தேன். பைலட் ஜெட்டின் துளையில் வெளிச்சமே தெரியவில்லை. வருடக்கணக்கில் நின்ற பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக அடைத்திருந்தது. கார்புரேட்டர் கிளீனர் தெளித்து, காற்று அடித்து மாட்டினேன். ஏழாவது உதையில் வண்டி உயிர் பெற்றது. "புது கார்புரேட்டரே போட்டுடலாம்" என்று வீட்டில் பேச்சு எழுந்திருந்தது. அந்தச் செலவு மிச்சம்.

நெருப்பு, அழுத்தம், எரிபொருள். இந்த மூன்றும் நம் புத்தகத்திலும் இருக்கின்றன. ஆனால் ஒன்றை நிச்சயப்படுத்திக்கொண்டு அடுத்ததுக்குப் போகிற பழக்கத்தை அந்தப் பட்டறையில்தான் பார்த்தேன். பாகத்தை மாற்றிப் பார்ப்பவன் கடைக்காரனுக்கு நல்ல வாடிக்கையாளர். காரணத்தைத் தேடுகிறவன்தான் டெக்னீஷியன்.

பிளக்கின் முகமும் பேசும். இளம் பழுப்பு நிறம் என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுபிசுப்பு என்றால் ரிங் வழியாகவோ வால்வு வழியாகவோ ஆயில் ஏறுகிறது. வெளுத்துப்போயிருந்தால் காற்று அதிகம், சூடு அதிகம். டாக்டர் நாக்கைப் பார்ப்பது மாதிரிதான்!

அப்புறம், இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்கில் துரு ஏற அதுவும் ஒரு காரணம். 1980-களின் ரப்பர் குழாயும் ஓ-ரிங்கும் இதைத் தாங்குவதற்கென்று செய்தவை அல்ல. அவற்றை மாற்றிவிடுவது நல்லது.

பாடம் எங்கே இருக்கிறது?

எல்லாப் பாடமும் இதில்தான் இருக்கிறது. அலுமினியத்தில் ஏறும் 6 மி.மீ. போல்ட்டை சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் போதும். அது எவ்வளவு? 20 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 5 கிலோ எடை அழுத்துகிற அளவு. பலத்தைக் காட்டினால் மரை பிடுங்கிக்கொண்டு வரும். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளின் ஸ்க்ரூ தலை பார்ப்பதற்கு பிளஸ் மாதிரி இருந்தாலும் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுதாக உட்காராது, தலை மழுங்கிவிடும். சரியான பிட் போட்ட இம்பாக்ட் டிரைவரால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 49.5 மி.மீ. கணக்குப் போட்டால் 97.2 சி.சி. வரும். தேய்ந்த சிலிண்டருக்குப் போர் அடித்து 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன் போட்டால்? ஏறக்குறைய 99.1 சி.சி. இரண்டே சி.சி. கூடும். "போர் அடிச்சா வண்டி பறக்கும்டா மாப்ளே" என்று யாராவது அளந்துவிட்டால் இனி நம்பமாட்டீர்கள்! சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. மேல் ரிங் திரும்புகிற இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அதனால் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக வைத்து, முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். எல்லை மீறாவிட்டால் போர் வேலையே வேண்டாம். மெட்ராலஜி லேபில் போர் கேஜைத் தொட்ட நமக்கு, அது எதற்கு என்று இங்கேதான் புரியும்.

எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கும் வேலை உண்டு. ஹெட்லைட் மங்கலாக எரிந்தால் பல்பை மாற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். எர்த் ஒயர் பாடியில் சேரும் இடத்தில் துரு ஏறி, வோல்டேஜை அங்கேயே விழுங்கிக்கொண்டிருக்கும். ஓம் விதிக்கு இதைவிட நல்ல பரிசோதனை எது?

"எலெக்ட்ரிக் வண்டி வந்தாச்சே..."

இந்தக் கேள்வி நியாயமானது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டரே இல்லை. மின்சார வண்டியில் இன்ஜினே இல்லை. டூ ஸ்ட்ரோக்கின் புகைக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. அதில் புதுக் கலவை உள்ளே வரும் நேரத்தில் வெளிவாசலும் திறந்திருப்பதால், எரியாத பெட்ரோல் கொஞ்சம் அப்படியே வெளியே போகிறது. 2000-க்குப் பிறகு விதிகள் இறுகி அவை மறைந்தது நல்லதுதான். ஊரிலுள்ள பழைய வண்டியெல்லாம் ரோட்டுக்கு வரட்டும் என்பது என் கட்சி இல்லை.

ஆனால் மின்சார வண்டிக்கும் வீல் பேரிங் உண்டு. பிரேக், ஃபோர்க் ஆயில் சீல், துருப்பிடிக்கும் கனெக்டர் எல்லாம் உண்டு. புது வண்டியில் கோளாறு கம்ப்யூட்டர் திரையில் எண்ணாகத் தெரிகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யோசிக்கத் தெரியாவிட்டால், நாமும் பாகத்தை மாற்றுகிற ஆளாகவே நின்றுவிடுவோம். பழைய வண்டி எதையும் மூடி வைப்பதில்லை. காரணமும் விளைவும் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன.

நம் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 1955-இல் இங்கே என்ஃபீல்டு கம்பெனி தொடங்கியது. புல்லட்டின் தாய்வீடான இங்கிலாந்தின் ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. புல்லட்டோ இங்கே தொடர்ந்து தயாரானது. அந்த வண்டிகளைத் தலைமுறை தலைமுறையாக ஓட வைத்ததில் தொழிற்சாலைக்கு இணையான பங்கு சாலையோரப் பட்டறைகளுக்கும் உண்டு. அந்த அறிவுக்குச் சர்டிபிகேட் கிடையாது. நம்மிடம் சர்டிபிகேட் இருக்கிறது, அந்த அறிவு இல்லை. இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தால் என்ன?

மாணவர் மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெரிய பட்ஜெட் எதுவும் கேட்கவில்லை. பட்டறையில் ஒரு மூலை. சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம். சரியான ஆவணத்தோடு ஒரு பழைய வண்டி. காவல் நிலையங்களில் உரிமை கோராத வண்டிகளை ஏலம் விடுகிறார்கள். ஆசிரியர்களின் வீட்டிலேயே எத்தனையோ வண்டிகள் தூங்குகின்றன. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், எலெக்ட்ரிகல் என்று துறைக்கு இருவர். அதில் மாணவியர் கட்டாயம் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு பட்டறை அண்ணனைக் கூப்பிட்டு, விருந்தினர் விரிவுரையாளருக்குக் கொடுக்கிற அதே மரியாதையும் அதே சன்மானமும் கொடுக்க வேண்டும். கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு படம், ஒரு டப்பா, நோட்டில் ஒரு வரி. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்க்க ஓர் ஆள். வருடக் கடைசியில் வண்டி ஓட வேண்டும். நோட்டு அடுத்த ஆண்டு மாணவர்கள் கைக்குப் போக வேண்டும்.

"ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?" என்று ஆசிரியர்கள் தயங்கலாம். தயக்கம் புரிகிறது. ஆனால் நம்மை நாளைக்கு வேலைக்கு எடுக்கிறவர் மெஷினுக்கு முன்னால்தான் நிறுத்தப்போகிறார். முதல் தடவை கை நடுங்குவது அங்கேயா, இங்கேயா? இங்கே நடுங்கினால் பக்கத்தில் ஆசிரியர் இருப்பார்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வரப்போகிறேன். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள். கிரீஸ் படிந்த கையென்றால் இரண்டு ஓட்டாகக் கணக்கிடச் சொல்கிறேன்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை