அணைக்கு உண்டு அளவுகோல்

வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் செய்தி போய்விடுகிறது. 71 அடி வரை தேங்கும் நீரை நாள்தோறும் அளந்து, வரத்து இவ்வளவு, திறப்பு இவ்வளவு என்று தவறாமல் அறிவிக்கிற அந்த ஒழுங்கைக் காணும் எவரும் நிர்வாகத்தின்மீது மரியாதை கொள்ளாதிருக்க முடியாது. ஆனால் அதே அணையின் காலடியில் இரு கரைகளிலும் விரிந்து கிடக்கும் பூங்காவுக்குள் நுழைந்து, நீர் பீச்ச மறந்த ஊற்றுகளையும், துருவேறிய விளையாட்டுச் சாதனங்களையும், கைகால் உதிர்ந்த சிலைகளையும் பார்த்துக்கொண்டே நடந்தால், அந்த மரியாதை சிறிது சிறிதாகக் கழன்று போகிறது.

1959 ஜனவரி 21-ஆம் தேதி காமராஜர் காலத்தில் திறக்கப்பட்ட இவ்வணை, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரச் சீமைகளின் வயலுக்கும் தாகத்துக்கும் ஆதாரமானது. அணையின் பக்கத்தில் நந்தவனம் அமைக்கும் யோசனை நம் பக்கத்து மைசூரில் முன்பே பலித்திருந்தது. கிருஷ்ணராஜசாகரத்தின் அடியில் திவான் மிர்ஸா இஸ்மாயில் எழுப்பிய பிருந்தாவனத்தை அறியாதார் யார்? கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தேக்கிய நீர் ஜனங்களுடைய சொத்து என்பதை, கணக்குப் புத்தகம் படிக்காத ஜனங்களுக்கும் உணர்த்துவதற்குப் பூங்காவைவிடச் சிறந்த சாதனம் இல்லை என்று அக்காலத்து நிர்வாகிகள் அறிந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்று நிலைமை வேறு. நேற்றுவரை பொதுப்பணித் துறையென்றும் இன்று நீர்வளத் துறையென்றும் வழங்கும் இலாகாவின் பொறியாளர்களுக்கு மதகும் கரையுமே பிரதானம். அதில் குற்றம் காண நான் முன்வரவில்லை. மதகு பழுதானால் விசாரணை வரும், ஊஞ்சல் அறுந்தால் எவரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். சுற்றுலாத் துறையோ விளம்பரத்தில் அணையின் படத்தைப் போடுவதோடு திருப்தியடைகிறது. உள்ளூர் ஊராட்சியும் ஒன்றியமும், பண்டிகை நாட்களில் தங்கள் வாசலில் வந்து குவியும் கூட்டத்தையும் அது விட்டுப்போகும் குப்பையையும் பார்த்துவிட்டு, ‘பூங்கா நம்முடையதன்று’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. (2017-இல் நீர் ஆவியாதலைத் தடுக்க இவ்வணையின் நீர்மேல் தெர்மாகோல் பரப்பிய காட்சியைத் தமிழகமே பார்த்துச் சிரித்தது, காற்று அதைக் கரைசேர்த்துவிட்டது. அவ்வளவு உற்சாகத்தில் ஒரு பகுதியாவது பூங்காவின்பால் திரும்பியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.)

பூங்கா ஆடம்பரம், பாசனமே அவசியம் என்போர் உண்டு. அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து பார்க்கட்டும். ஆண்டிபட்டியிலிருந்தும் பெரியகுளத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் புளியோதரைப் பொட்டலங்களோடு வருகிற குடும்பங்களில், கட்டணம் கட்டி உல்லாச விடுதிகளுக்குப் போகக்கூடியவர்கள் மிகச் சிலரே. அணை மீனை வறுத்து விற்கும் பெண்களின் ஜீவனமும் இந்தக் கூட்டத்தை நம்பியிருக்கிறது. தவிரவும், வருஷநாட்டு மலைகளிலிருந்து வரும் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அணையின் கொள்ளளவைத் தின்றுவருவதும், தூர்வார வேண்டுமென்ற பேச்சு வருஷக்கணக்கில் பேச்சாகவே இருப்பதும் எல்லோரும் அறிந்ததே. கண்ணுக்குத் தெரிகிற ஊஞ்சலையே கவனியாத அதிகாரம், நீருக்கடியில் படியும் மண்ணைத் தானாகக் கவனித்துவிடும் என்று நம்புவதற்கு அசாத்தியமான பக்தி வேண்டும்.

ஆகவே என் அபிப்பிராயம் இது: அணையை இலாகாவே ஆளட்டும், பூங்காவை மட்டும், மாவட்ட ஆட்சியரின் மேற்பார்வையில் ஊராட்சியும் ஒன்றியமும் பங்குகொள்ளும் ஒரு சிறு குழுவிடம் ஒப்படைத்து, வாயிலில் வசூலாகும் கட்டணம் அந்த வேலிக்குள்ளேயே செலவாக வேண்டுமென்று விதித்து, மாதந்தோறும் வரவு செலவை அதே வாயிலில் எழுதிவைக்கச் செய்ய வேண்டும். நீர்மட்டம் எழுதும் பலகையைப் போல அதுவும் ஒரு பலகை, அவ்வளவுதான். ஊற்றுகளும் சிலைகளும் பொறுத்துக்கொள்ளும். முதல் மாத வரவில் பெண்களுக்கான கழிப்பிடங்களைச் செப்பனிட்டு, அவற்றுக்குக் குழாய் நீர் கொடுக்கட்டும். வைகை அணையில் நின்றுகொண்டு அதற்குத் தண்ணீர் இல்லையென்று சொல்ல எந்த உத்தியோகஸ்தருக்கும் வாய் வராது.