ஒருவரின் பதவி, ஊருக்கெல்லாம் பழியா?



ஊவா – வெல்லஸ்ஸ கிளர்ச்சியைப் பற்றிப் பிள்ளைகள் சரித்திரப் பாடத்தில் படிக்கிறார்கள். படித்துவிட்டு, "உம்மா, நம்மவர்கள் வெள்ளைக்காரன் பக்கமா நின்றார்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

1815ஆம் ஆண்டு கண்டி ராச்சியம் ஆங்கில முடியின் கீழ் வந்தது. பின்னர் வெல்லஸ்ஸச் சோனகர்களுக்கு ஹாஜி மரிக்கார் என்பவரை வெள்ளையர் முகாந்திரமாக நியமித்தனர். தமது அதிகாரம் குறைந்ததால் சிங்களப் பிரதானிகள் மனம் கசந்தனர். 1817இல் கிளர்ச்சி மூண்டது. அரசாங்கத்துக்காகப் புறப்பட்டுச் சென்ற ஹாஜி, கிளர்ச்சிக்காரரிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

நமது மாத்தளையோடு தொடர்புடைய கெப்பெட்டிபொல திசாவையும் அரசாங்க ஊழியரே. கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட அவர், ஆயுதங்களை அரசாங்கத்திடமே திருப்பி அனுப்பிவிட்டு மக்களோடு சேர்ந்தார். 1818 நவம்பர் 26ஆம் திகதி போகம்பரையில் அவரது தலை வெட்டப்பட்டது.

ஒருவர் பதவி தந்தவரோடு நின்றார். மற்றவர் தம் மக்களோடு நின்றார். யார் உயர்ந்தவர் என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்வார்கள். ஆனால் இன்னொன்றையும் சொல்லிக் கொடுங்கள். மகா அதிகாரம் மொல்லிகொடையும் கடைசிவரை வெள்ளையரோடுதான் நின்றார். அதற்காகச் சிங்களவர் அனைவரையும் எவரும் துரோகிகள் என்பதில்லை. அவ்வாறே ஹாஜியின் முடிவும் ஹாஜியுடையதே. போர்த்துக்கீசர் விரட்டியபோது நமக்குப் புகலிடம் தந்தவர்கள் கண்டி மன்னர்கள். அந்த நன்றியையும் மறவாதீர்கள்.

ஒருவர் செய்ததை ஒரு சமூகத்தின் மேல் சுமத்துவது அநியாயம். நம்மீது பிறர் சுமத்தினாலும் அநியாயம். பிறர்மீது நாம் சுமத்தினாலும் அநியாயம்தான்.