பட்டையில ஊத்துங்க அண்ணாச்சி!

பங்குனி பிறந்துவிட்டால் ராதாபுரம் வட்டாரத்தில் காலையிலேயே பதநீர் வியாபாரம் சூடு பிடித்துவிடும். வண்டியில் கட்டிய குடம், பக்கத்தில் ஒரு கட்டு குருத்தோலை, அவ்வளவுதான் கடை. இங்கே யாரும் ‘பதநீர்’ என்று முழுசாகச் சொல்வதில்லை; பதனிதான். இன்னும் தெற்கே நாகர்கோவில் பக்கம் போனால் அதுவே அக்கானி.

வெளிநாடுகளில் நண்பர்கள் கூடி, நாலு ஊர் வெள்ளை ஒயினை வரிசையாக வைத்து ருசி பார்ப்பார்கள். ஒரு வாய் குடிப்பது, ஒரு துண்டு பாலாடைக்கட்டி கடிப்பது, இது எந்த ஊர் மண் என்று விவாதிப்பது. பதனிக்கும் இதெல்லாம் பொருந்தும். என்ன, ஒயின் வருடக்கணக்கில் காத்திருக்கும், பதனிக்கு மத்தியானம் வரைதான் ஆயுசு. திசையன்விளை, உவரி, கொஞ்சம் தள்ளி உடன்குடி என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து தூக்குவாளியில் வாங்கி வந்தால் ஒரே காலையில் ஒப்பிட்டுவிடலாம். போதை இல்லாததால் பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் நடுவர்.

நாக்கில் முதலில் தேட வேண்டியது மண்ணை இல்லை, சுண்ணாம்பை. பாளையைச் சீவிக் கலயம் கட்டியதுமே, சொட்டுகிற சாற்றில் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் கள். கலயத்தின் உள்ளே பூசிய சுண்ணாம்புதான் அதைத் தடுக்கிறது. பூச்சு குறைந்தால் நுரை கட்டும், லேசாகப் புளிக்கும், மூக்கில் கள் வாசம் ஏறும். கூடினாலோ தொண்டை காறும். ஆக, இரண்டு ஊர்ப் பதனிக்கு நடுவே தெரிகிற வித்தியாசத்தில் பெரும்பங்கு பனையேறியின் கைப்பக்குவம். ராத்திரி முழுக்க ஊறி விடியலில் இறக்கியதற்கு இருக்கும் குளுமை, வெயில் ஏறிய பிறகு எந்த ஊர்ப் பதனிக்கும் கிடையாது.

மண்ணுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ‘தேரிக்காட்டுப் பனைக்கு ஈடு உண்டா?’ என்று உடன்குடிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்தச் செம்மணல் பூமியின் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே பனையிலிருந்து கம்போடியாவின் கம்போங் ஸ்பூ வட்டாரத்தில் எடுக்கும் பனஞ்சர்க்கரை அந்த அங்கீகாரத்தை 2010-லேயே வாங்கிவிட்டது. நாம்தான் தாமதம்.

தொட்டுக்கொள்ள? நுங்கைச் சீவிப் போடுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பதனிக்கு உண்மையான ஜோடி மாங்காய்தான். புளிப்பு மாங்காயைப் பொடியாக நறுக்கி ஓலைப்பட்டையில் போட்டு, அதன்மேல் பதனியை ஊற்ற வேண்டும். இனிப்பின் திகட்டலையும் சுண்ணாம்பின் காறலையும் அந்தப் புளிப்பு ஒருசேர வெட்டிவிடும். பிளாஸ்டிக் கப்பில் வாங்கிக் குடிப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பச்சை ஓலையின் வாசம் அதில் எங்கிருந்து வரும்?

போலியும் உண்டு. சர்க்கரையோ சாக்கரினோ கரைத்த தண்ணீரில் கொஞ்சம் பதனியும் சுண்ணாம்பும் கலந்து ஐஸ் போட்டுவிட்டால், வெயிலில் வருகிறவருக்கு எது தெரியும்? மாசியிலிருந்து ஆடி வரைதான் சீசன். வருஷம் முழுக்க நெடுஞ்சாலையில் ‘பதநீர்’ பலகை தொங்கினால் சந்தேகப்படுங்கள். கருப்பட்டிக்கு ஒரு மனக்கணக்கு போதும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதனியாவது வேண்டும். அதைக் காய்ச்ச விறகும், அடுப்படியில் மணிக்கணக்கில் வேகிற ஒரு பெண்ணின் உழைப்பும் தனி. கடைக்காரர் சொல்லும் விலை அந்தப் பதனியின் விலையைவிடக் குறைவாக இருந்தால், மீதி எடை எங்கிருந்து வந்திருக்கும்?

இந்த மலிவுச் சரக்கோடுதான் அசல் பதனி இறக்குகிறவர் போட்டி போட வேண்டியிருக்கிறது. ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். தவறி விழுந்தால் அந்தக் குடும்பத்தின் கதையே மாறிவிடும். பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு அனுப்ப அவருக்கே மனசில்லை. பூச்சு தவறிப் பதனி கள்ளாகிவிட்டால் விற்கவும் முடியாது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படியே நடக்கிறது. பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. சரி, மரம் பிழைக்கட்டும், ஏறுகிறவர்? இதையெல்லாம் யோசித்தால் பட்டைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச வாய் வராது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ‘இயற்கைதானே’ என்று இரண்டு பட்டை குடித்துவிட வேண்டாம். பதனியில் எட்டில் ஒரு பங்கு போல சர்க்கரைதான். ஒரு வாய் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒப்பீடு முடிந்து மீந்துபோனால் புளிக்கும் முன்பே அடுப்பில் ஏற்றிவிடுங்கள். ஒரு கொதி வந்ததும் இறக்கித் தெளியவைத்து, அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு மேலாக வடிக்க வேண்டும். அதில் பச்சரிசியும் வறுத்த பாசிப்பருப்பும் போட்டு, சிறு தீயில் குழைய வேகவிட்டு, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டால் பதனிப் பொங்கல் தயார். வெல்லம் வேண்டாம், தேங்காய்ப்பூ மட்டும் தாராளமாக.