கம்ப்யூட்டர் ஃபேன் இரைச்சல் தாங்கலையா? புதுசு வாங்கும் முன் இதை கவனிங்க!

கேம் திறந்த அஞ்சே நிமிஷத்தில் மிக்ஸி ஓடுவது போல கம்ப்யூட்டர் சத்தம் போடுகிறதா? உடனே அதிக ஆர்பிஎம் உள்ள ஃபேனைத் தேட வேண்டாம். இரைச்சலுக்கு முக்கியக் காரணமே அந்த வேகம்தான்.

பெருசா வாங்குங்க, மெதுவா ஓட்டுங்க

120 மி.மீ. ஃபேன் தள்ளும் காற்றை, 140 மி.மீ. ஃபேன் குறைந்த வேகத்திலேயே தள்ளிவிடும். ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதி சத்தமாகத்தான் தெரியும். கேபினட்டில் 140 மி.மீ. பொருந்துமா என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

எந்த இடத்துக்கு எது?

தூசி வடிகட்டி, ரேடியேட்டர் போன்ற தடைகள் உள்ள இடத்தில் ‘ஸ்டேட்டிக் பிரஷர்’ அதிகமுள்ள ஃபேன் தேவை. தடையில்லாத பின்பக்கத்துக்கு, காற்றின் அளவைச் சொல்லும் ‘சிஎஃப்எம்’ அதிகமிருந்தால் போதும். முன்பக்க ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்பக்க ஃபேன் வெளியேற்ற வேண்டும்.

4 பின் ஏன்?

4 பின் கொண்ட ‘பிடபிள்யூஎம்’ ஃபேனின் வேகத்தை, சூட்டுக்கு ஏற்ப மதர்போர்டே கூட்டிக் குறைக்கும். ஏற்கெனவே 4 பின் ஃபேன் இருந்தால், பயாஸில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். செலவே இல்லை!

ஒன்றை மறக்கக் கூடாது: எந்த ஃபேனும் அறையின் வெப்பத்துக்குக் கீழே கம்ப்யூட்டரைக் குளிர வைக்காது. கோடையில் அறையே 38 டிகிரி என்றால், உள்ளே போவதும் அதே காற்றுதான். அதனால் முதலில் தூசியைத் துடைங்க. பிறகு பர்ஸைத் திறங்க.