தியாகம் என்று சொல்லாதீர்கள்

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் 1951-ஆம் ஆண்டுக் கால்பந்து அணியைப் பற்றிப் பேச்செடுத்தால், உடன் வந்து ஒட்டிக்கொள்ளும் சொல் தியாகம். சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் 'அறமும் விளையாட்டும்' பற்றிப் பேசிய நண்பரும் அதையே சொன்னார். அரங்கம் கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை.

கதையை அறியாதவர்களுக்காக: இது அமெரிக்கக் கால்பந்து, பெயரில்தான் கால், ஆட்டம் பெரும்பாலும் கையில். ஜோ குஹாரிச் பயிற்றுவித்த அந்தச் சிறிய ஏசுசபைக் கல்வி நிறுவனத்தின் அணி அப்பருவத்தில் 9 ஆட்டங்கள் ஆடி ஒன்பதிலும் வென்றது. ஆலி மேட்சன் பந்தை ஏந்தி ஓடியே 1,566 கெஜம் கடந்து நாட்டில் முதலிடம் பெற்றார். பருவ முடிவில், புத்தாண்டை ஒட்டித் தென்பகுதி நகரங்களில் நடைபெறும் 'பௌல்' ஆட்டங்களுக்குச் சிறந்த அணிகளை அழைப்பார்கள். புகழும் பணமும் அங்கேதான். இந்த அணிக்கு அழைப்பு வரவில்லை. மேட்சனும் பர்ல் டோலரும் கறுப்பர்கள். அவ்விருவரையும் விட்டுவிட்டு வந்தால் இடமுண்டு என்று சொல்லப்பட்டதாகவும், தாங்கள் மறுத்துவிட்டதாகவும் அணியினர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். இவர்கள் வென்ற எதிரணிகள் வலுவற்றவை என்றொரு சமாதானமும் உலவியது. இதே அணியின் மேட்சன், ஜினோ மார்கெட்டி, பாப் செயின்ட் கிளேர் மூவரும் பிற்காலத்தில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார்கள் என்பதைக் கொண்டு அந்தச் சமாதானத்தை எடைபோட்டுக்கொள்ளலாம்.

இதில் தியாகம் எங்கே இருக்கிறது? நம் பழைய வழக்கில் அச்சொல்லுக்குக் கொடை என்று பொருள். தனக்கு உரிய பொருளைத்தான் ஒருவன் கொடையாக வழங்க முடியும். மேட்சனும் டோலரும் ஓடி, மோதி, வென்று ஈட்டிய இடத்தை விற்கும் உரிமை மற்றவர்களுக்கு எப்போது இருந்தது? விற்க மறுத்ததைக் கொடை என்று புகழ்ந்தால், அந்த இருவரும் தோழர்களுக்குக் கடன்பட்டவர்கள் ஆகிவிடுகிறார்கள். விலக்கப்பட்டவர்கள் நன்றி சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். அந்த இளைஞர்களைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. அவர்கள் செய்தது நேர்மை. நேர்மைக்கு அதன் பெயரே போதும்.

இன்னொரு தீங்கும் உண்டு. தியாகம் என்றதும் பார்வை முழுதும் கொடுத்தவர்மேல் குவிகிறது. பறித்தவன் இருளில் நழுவிவிடுகிறான். அழகிய சொற்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. வடபகுதிக் கல்லூரிகள் தெற்கே ஆடப் போகும்போது தங்கள் கறுப்பின வீரர்களை வீட்டிலேயே விட்டுச்செல்லும் ஏற்பாட்டுக்கு அன்று வழங்கிய பெயர் 'கனவான்கள் ஒப்பந்தம்'! 1940-இல் நியூயார்க் பல்கலைக்கழகம் மிசௌரியுடன் ஆட, லெனர்ட் பேட்ஸை விட்டுவிட்டுச் சென்றது. மாணவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். மறு ஆண்டு அவர்களில் ஏழு பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2001-இல் அதே பல்கலைக்கழகம் அந்த எழுவரையும் கௌரவித்தது. அறுபதாண்டுகள்!

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் கணக்கும் ஏறக்குறைய இதுதான். பணச்சுமையைக் காரணம் காட்டி, தோல்வியே காணாத அந்தப் பருவத்தோடு அது கால்பந்தைக் கைவிட்டது. 2006-இல் அணியினருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. கல்லூரியில் பணிபுரிபவன் என்ற முறையில் சொல்கிறேன்: காலம் கடந்து பட்டம் தருவது நிறுவனங்களுக்கு மிக எளிது. சால்வை ஒன்றின் செலவு.

கூட்டம் முடிந்ததும் நண்பரிடம் டோலரைப் பற்றிக் கேட்டேன். 1952-இல், கல்லூரி நட்சத்திர வீரர்களின் ஆட்டமொன்றில் முழங்கால் சிதைந்து, தொழில்முறை ஆட்டக்காரராகும் வாய்ப்பை இழந்தவர் அவர். ஆசிரியராகி, சான் பிரான்சிஸ்கோவிலேயே பள்ளித் தலைமையாசிரியராக உயர்ந்தார். 1965-இல் தேசியக் கால்பந்து லீகின் முதல் கறுப்பின நடுவராகக் களமிறங்கினார். நண்பருக்கு இவையெல்லாம் புதுச் செய்தி. ஒரு மணி நேரப் பேச்சில் அவர் டோலரின் பெயரையோ மேட்சனின் பெயரையோ ஒருமுறைகூடச் சொல்லியிருக்கவில்லை. 'இரண்டு கறுப்பின வீரர்கள்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.